“புரியுதா?” என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள்: மாநாட்டில் தொழில்நுட்ப வகுப்பு எடுப்பது எப்படி?

சனிக்கிழமை காலை பத்து மணி. தொழில்நுட்ப மாநாடு நடக்கும் கட்டிடத்தில் ஓர் அறை. உள்ளே 60 பேர், 60 லேப்டாப். பயிற்றுநர் முதல் கட்டளையைத் திரையில் காட்டுகிறார். ஐந்தாவது நிமிடம் ஒரு குரல்: “சார், எனக்கு எரர் வருது.” பத்தாவது நிமிடம் எட்டு கைகள் மேலே. அரை மணி நேரத்தில் பின்வரிசை மொத்தமும் ஃபோனுக்குள் போய்விட்டது. பயிற்றுநருக்கோ இன்னும் 70 ஸ்லைடு பாக்கி. “டைம் இல்ல, இதை வீட்டுக்குப் போய் பாத்துக்கங்க” என்றபடி அவர் ஓடிக்கொண்டிருக்கிறார்.

மென்பொருள் மாநாடுகளுக்குப் போய்வருபவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ஆனால், இதில் எவ்வளவு வீணாகிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 60 பேர், ஆளுக்கு 3 மணி நேரம் என்றால் 180 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் இது 22 வேலை நாள்களுக்கும் அதிகம். ஒரு ஊழியரின் ஒரு மாத உழைப்பு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எரர் வந்து பாதியில் நின்றுபோனவர், வகுப்பு சரியில்லை என்று பெரும்பாலும் நினைப்பதில்லை. “நமக்கு இது செட் ஆகாது” என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோகிறார். வேலை மாற வேண்டும், புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும் என்று விடுமுறை நாளை ஒதுக்கி, கட்டணம் கட்டி வந்தவர் அவர்.

பயிற்றுநருக்கு விஷயம் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் அவருக்கு நன்றாகவே தெரியும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

உரை வேறு, வகுப்பு வேறு

மாநாட்டில் 30 நிமிட உரை என்பது ஒரு விஷயத்தின் மீது ஆசையை உண்டாக்கினால் போதும். கேட்டவர் பிறகு தேடிப் படிப்பார். பயிலரங்கு அப்படி அல்ல. உள்ளே வரும்போது செய்யத் தெரியாத ஒன்றை, வெளியே போகும்போது செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் மொழிக்கான அமெரிக்க மாநாடான பைகானில் இதற்கென்றே பிரதான நாள்களுக்கு முன்னதாகத் தனி நாள்களும், தனிக் கட்டணமும் உண்டு. 2009-ல் பெங்களூருவில் தொடங்கி, 2019-ல் சென்னைக்கும் வந்த பைகான் இந்தியாவிலும் உரைகள் ஒரு பக்கம், பயிலரங்குகள் ஒரு பக்கம் என்றுதான் நடக்கும்.

ஆனாலும், பலர் பயிலரங்கை ‘நீளமான உரை’ என்று நினைத்தே தயாராகிறார்கள். அரை மணி நேரத்துக்கு 25 ஸ்லைடு என்றால், மூன்று மணி நேரத்துக்கு 150 ஸ்லைடு. கணக்கு சரிதான், வகுப்புதான் வராது.

தட்டியவர் காதில் மட்டும் கேட்ட பாட்டு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990-ல் முனைவர் பட்ட ஆய்வுக்காக எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். மொத்தம் 120 முறை தட்டப்பட்டதில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்று மட்டுமே.

காரணம் எளிது. தட்டுபவரின் மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு விழுவது வெறும் ‘டொக் டொக்’. பத்து வருட அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளர் “இது சிம்பிள்தாங்க, ஒரு ஃபோல்டருக்குள்ள போய் ஒரு கமாண்டு அடிச்சா போதும்” என்று சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது. ஃபோல்டருக்குள் ‘போவது’ என்றால் என்ன, எந்தச் சாளரத்தில் அடிப்பது, அடித்த பிறகு திரையில் ஒன்றுமே வராவிட்டால் அது வெற்றியா தோல்வியா? இதெல்லாம் அவருக்குக் கேள்வியாகவே தோன்றாது. கறுப்புத் திரையை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தவருக்கு அதுவே முழுக் கேள்வித்தாள்.

இதோடு மூளையின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திக் கையாளக்கூடிய விஷயங்கள் ஏழை ஒட்டியவை என்று 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னர் 2001-ல் நெல்சன் கோவன் அதை நான்குக்கு அருகே இறக்கினார். புதிய கட்டளை, புதிய சொல், புதிய சாளரம், பயிற்றுநரின் குரல் என்று நான்கும் நிரம்பிவிட்டால், ஐந்தாவதாக வரும் விளக்கத்துக்கு உள்ளே இடமில்லை.

கடைசிப் பயிற்சியை முதலில் எழுதுவது

தயாரிப்பு எங்கே தொடங்க வேண்டும்? ஸ்லைடில் அல்ல. வகுப்பின் கடைசி 20 நிமிடத்தில் பங்கேற்பாளர் எந்த வேலையைத் தானே செய்து முடிப்பார் என்பதை முதலில் எழுத வேண்டும். பிறகு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998-ல் எழுதிய நூல் வழியாகப் பள்ளிப் பாடத்திட்டங்களில் பரவலான முறை இது. மூன்று மணி நேர வகுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

கிட் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. இன்று புரோகிராம் எழுதும் எந்த வேலைக்குப் போனாலும் முதல் வாரமே கைக்கு வருவது. இதற்கு ஒரு தொடக்க நிலை வகுப்பு என்றதும் கமிட், பிராஞ்ச், மெர்ஜ், ரீபேஸ், ஸ்டாஷ், செர்ரி-பிக், பைசெக்ட், ஹூக்ஸ் என்று பட்டியல் நீண்டுவிடும். எல்லாமே தேவைதானே? தேவைதான். ஒரே காலையில் அல்ல.

பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை உண்மையில் பயமுறுத்தும் தருணம் எது என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்: இரண்டு பேர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றிவிட்டார்கள், கிட் ‘கான்ஃப்ளிக்ட்’ என்கிறது, கோப்புக்குள் அம்புக்குறி அம்புக்குறியாக ஏதோ முளைத்திருக்கிறது. இந்த நிலையிலிருந்து கை நடுங்காமல் வெளியே வரத் தெரிந்தால் போதும், அது மூன்று மணி நேரத்துக்கு நியாயமான இலக்கு.

அதற்கான கடைசிப் பயிற்சி இப்படி இருக்கலாம். ஓர் ஓட்டல் மெனு கோப்பு. பத்து வரிகள். ஒரு பிராஞ்சில் தோசை விலை 60-லிருந்து 70 ஆகிறது. இன்னொரு பிராஞ்சில் அதே தோசை 80 ஆகிறது. இரண்டையும் மெர்ஜ் செய்து, எந்த விலை நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து, சரியான மெனுவைக் கமிட் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது பின்னோக்கி நடந்தால் பாடத்திட்டம் தானாக விழுகிறது. மெர்ஜ் செய்ய பிராஞ்ச் தெரிய வேண்டும். பிராஞ்சுக்குக் கமிட் தெரிய வேண்டும். கமிட்டுக்கு ‘ஆட்’ என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். ரீபேஸ் இந்தப் பாதையில் எங்குமே குறுக்கிடவில்லை; எனவே அது வகுப்பில் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்து படிக்க’ என்ற தலைப்பில் போய் உட்காரலாம். ஆசையோடு தயாரித்ததை வெட்டுவது பயிற்றுநருக்கு வலிக்கும். வெட்டாவிட்டால் வலி அறைக்கு மாறும்.

இந்தப் பயிற்சியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரண்டு பிராஞ்சும் ஒரே லேப்டாப்பில் இருப்பதால் கிட்ஹப் தேவையில்லை. கணக்கு தொடங்குவது, பாஸ்வேர்டு மறந்தது, ஓடிபி வராதது, வைஃபை விழுந்தது என்று வகுப்பைக் கவிழ்க்கும் காரணங்களில் பாதி அந்த ஒரு முடிவிலேயே ஒழிந்துபோகின்றன.

முந்தைய வாரம் நடக்க வேண்டியது

மாநாட்டு வைஃபையை நம்பி வகுப்பைத் திட்டமிடுவது, மழையை நம்பி மாடியில் கல்யாணப் பந்தி போடுவது மாதிரி. ஒரு சின்னக் கணக்கு. வகுப்புக்குத் தேவையான மென்பொருள் 1 ஜிபி. 60 பேர் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள். அறைக்குக் கிடைப்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. அது முழு வேகத்தில், யாரும் குறுக்கிடாமல் ஓடினாலும் 60 ஜிபி இறங்க 80 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் மோசம். வைஃபையின் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். பக்கத்து அறையில் இன்னொரு வகுப்பு, ஒவ்வொருவர் பையிலும் ஹாட்ஸ்பாட் என்றால் அங்கே ஆளாளுக்கு ஒரே நேரத்தில் கத்துகிற சந்தைதான்.

2010 ஜூனில் ஐஃபோன் 4 அறிமுகத்தின்போது ஸ்டீவ் ஜாப்ஸுக்கே மேடையில் இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்கில் 570 வைஃபை மையங்கள் இயங்குவதாகச் சொல்லி, எல்லோரும் அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆப்பிளுக்கே அந்த கதி.

எனவே, இன்ஸ்டால் வேலை முந்தைய வாரமே முடிய வேண்டும். ‘கிட் இன்ஸ்டால் செய்துகொண்டு வாருங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் அது முடியாது. பலர் படிக்க மாட்டார்கள். படித்தவர்களிலும் சிலருக்குச் சரியாக இன்ஸ்டால் ஆயிற்றா என்று தெரியாது. “இந்த ஒரு கட்டளையை அடியுங்கள், இப்படி ஒரு வரி வந்தால் நீங்கள் ரெடி, வராவிட்டால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள்” என்று சரிபார்க்கும் வழியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதையும் மீறி வருபவர்களுக்காக நான்கைந்து பென் டிரைவில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான இன்ஸ்டாலர்கள் கையில் இருப்பது நல்லது. அலுவலக லேப்டாப்பில் பென் டிரைவும் வேலை செய்யாது, இன்ஸ்டால் செய்யவும் அனுமதி இருக்காது. அப்படிப்பட்டவரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு ஜோடி சேர்த்துவிடுவதுதான் வழி. இருவர் ஒரு லேப்டாப்பில் வேலை செய்வது ஒன்றும் குறை அல்ல. பல நேரம் அந்த ஜோடிதான் முதலில் முடிக்கிறது.

பயிற்றுநர் செய்யத் தவறும் முக்கியமான வேலை ஒன்று: கிட் இதற்குமுன் ஓடாத ஒரு கணினியில், தன் கையேட்டைத் தானே ஒரு வரி விடாமல் பின்பற்றிப் பார்ப்பது. அவருடைய சொந்த லேப்டாப்பில் எல்லாம் பல வருடங்களாக அமைந்து கிடக்கும். புதிய கணினியில் முதல் கமிட்டே ‘நீ யார் என்று சொல்’ என்று கேட்டு நிற்கும். பெயரும் மின்னஞ்சலும் பதியப்படவில்லை என்பதே காரணம். கமிட்டுக்கான குறிப்பைக் கட்டளையோடு சேர்த்து எழுதாவிட்டால், பல கணினிகளில் விம் என்ற எடிட்டர் திறக்கும். அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்று தெரியாமல் தவித்தவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் அந்தக் கேள்வியின் பார்வைகள் 10 லட்சத்தைத் தாண்டியதை அந்தத் தளமே 2017-ல் ஒரு செய்தியாக வெளியிட்டது! வகுப்புக்கு முன்பே எளிதான எடிட்டரை அமைக்க வைத்தால் இந்தப் பள்ளம் மூடிவிடும்.

பழைய ஸ்லைடுகளும் காலை வாரும். 2020 அக்டோபரிலிருந்து கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் திட்டங்களின் முதல் பிராஞ்சின் பெயர் ‘மாஸ்டர்’ அல்ல, ‘மெயின்’. 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வழியாக அனுப்பும்போது கணக்கின் பாஸ்வேர்டை கிட்ஹப் ஏற்பதில்லை. அதற்கு முன் எழுதிய கையேட்டை அப்படியே எடுத்துப் போன பயிற்றுநருக்கு, முதல் அரை மணி நேரம் “ஏன் சார் வரல?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

180 நிமிடத்தில் மிஞ்சுவது எவ்வளவு?

கையில் 180 நிமிடம் இருப்பதாகத் தோன்றும். தாமதமாக வருபவர்களுக்கு 10, எல்லோருக்கும் ஓடுகிறதா என்று பார்க்க 20, நடுவில் டீ இடைவேளை 20, முடிவில் கேள்விகளுக்கு 10. மிச்சம் 120. அதில் பாதியாவது பங்கேற்பாளர்களின் கை ஓட வேண்டும் என்றால், பயிற்றுநர் பேசக் கிடைப்பது 60 நிமிடம். அதுவும் தொடர்ச்சியாக அல்ல. பத்து பத்து நிமிடமாக.

பயிற்சிகளுக்கு நேரம் ஒதுக்குவதில் இன்னொரு தவறு நடக்கும். பயிற்றுநர் மூன்று நிமிடத்தில் முடிக்கும் பயிற்சிக்கு அறைக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் 60 பேரும் முடிப்பார்களா என்றால், அதுவும் இல்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே முடித்துவிட்டு “அடுத்து என்ன ப்ரோ?” என்று பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே ஒரு கூடுதல் சவால் இருக்கலாம்: தோசை வரியோடு வடை வரியையும் மாற்றி இரண்டு கான்ஃப்ளிக்ட் வரவழைத்துப் பாருங்கள் என்பது போல. மெதுவாக வருபவர்களுக்காக, ஒவ்வொரு கட்டத்தின் தொடக்க நிலையும் தயாராக ஒரு ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒரு படியில் விட்டுப் போனவர் அடுத்த படியில் வந்து ஏறிக்கொள்ள அது ஒன்றுதான் வழி. இந்த ஏற்பாடு இல்லாத வகுப்பில், 20-வது நிமிடம் தவறவிட்டவர் 180-வது நிமிடம் வரை வேடிக்கை பார்ப்பவர்தான்.

ஸ்லைடை விட்டு, கீபோர்டுக்கு

கட்டளைகளை ஸ்லைடில் ஒட்டிக் காட்டுவதைவிட, எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வோர் எழுத்தாக அடித்துக் காட்டுவது நல்லது. விஞ்ஞானிகளுக்குப் புரோகிராமிங் கற்றுத்தர கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ பயிலரங்குகளில் இதுவே வழக்கமான முறை. இதில் மறைமுகமாக ஒரு வேகத்தடை இருக்கிறது. ஸ்லைடை ஒரு நொடியில் தள்ளிவிடலாம்; டைப் செய்வதை அப்படித் தள்ள முடியாது.

இன்னொன்று, டைப் செய்யும்போது தவறு வரும். வரட்டும். பயிற்றுநருக்கே எரர் வருகிறது, அவர் பதறாமல் அந்த வரியைப் படிக்கிறார், “என்ன சொல்றான்னு பாப்போம்” என்று கடைசி வரியிலிருந்து காரணத்தைத் தேடுகிறார் என்பதை நேரில் பார்ப்பது, எந்த ஸ்லைடும் தராத பாடம். எரர் என்பது திட்டு அல்ல, தகவல் என்று அந்த இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆனால், திட்டமிடாத பெரிய சறுக்கல் வேறு விஷயம். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஸ்கேனர் ஒன்றைச் சொருகியதும் விண்டோஸ் 98 நீலத் திரை காட்டி நின்றது. இதனால்தான் இன்னும் இதை விற்பனைக்கு விடவில்லை போல என்று கேட்ஸ் சிரித்துச் சமாளித்தார். மேடையில் அது ஒரு நிமிட வேடிக்கை. வகுப்பில் அப்படி நின்றால் 60 பேரும் நின்றுவிடுவார்கள். அதற்குத்தான் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சேமித்து வைத்த நிலை ஒன்று பயிற்றுநருக்கும் வேண்டும் என்பது.

திரை விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. ஆனால் கவனிக்காதவர்கள்தான் அதிகம். எழுத்து, கடைசி வரிசையிலிருந்து படிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். லேப்டாப்பில் அகலமாகத் தெரிவது புரொஜக்டரில் பாதியாகச் சுருங்கும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கும், ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. சமதளமான அறையில் முன்வரிசைத் தலைகள் திரையின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். கட்டளை அடிக்கும் சாளரத்தின் கடைசி வரியோ எப்போதும் கீழேதான் இருக்கும். அந்தச் சாளரத்தை மேலே இழுத்து வைத்தால் தீர்ந்தது.

“புரியுதா?” வேலை செய்யாத கேள்வி

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் “எல்லாருக்கும் புரியுதா? ஓகேவா?” என்று கேட்பது பயிற்றுநர்களின் பழக்கம். தெரியாத 60 பேர் நடுவில் “எனக்குப் புரியல” என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? முன்வரிசையில் இருவர் தலையாட்டுவார்கள். பாடம் நகர்ந்துவிடும்.

தலையாட்ட முடியாத கேள்வியைக் கேட்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து கையாண்டு பிரபலமாக்கிய முறை இதற்கு உதவும். நான்கு விடைகளுடன் ஒரு கேள்வி. எல்லோரும் தனித்தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மறுபடி விடை சொல்ல வேண்டும். அதன்பிறகே விளக்கம்.

கிட் வகுப்புக்கு ஒரு கேள்வி: மெனு கோப்பில் ‘இட்லி’ என்று எழுதிச் சேமித்து ‘ஆட்’ செய்கிறார் ஒருவர். பிறகு அதையே ‘பொங்கல்’ என்று மாற்றிச் சேமிக்கிறார். மறுபடி ஆட் செய்யவில்லை. இப்போது கமிட் செய்தால் உள்ளே போவது எது? இட்லியா, பொங்கலா, இரண்டுமா, அல்லது எரர் வருமா?

சரியான விடை இட்லி. ஆட் செய்த நொடியில் கோப்பு எப்படி இருந்ததோ, அதுதான் கமிட்டுக்குப் போகும். ஆனால், பயிற்றுநருக்கு லாபம் சரியான விடையில் இல்லை, தவறான விடைகளில்தான். ‘பொங்கல்’ என்றவர், வட்டில் கடைசியாகச் சேமித்ததைத்தான் கிட் எடுக்கும் என்று நினைக்கிறார். அவருக்கு ‘ஆட்’ எதற்கு என்பதே விளங்கவில்லை. ‘இரண்டும்’ என்றவர், கமிட் என்பது மாற்றங்களைச் சேர்த்துக் குவிப்பது என்று எண்ணுகிறார். ஒரே கேள்வியில் இரண்டு வெவ்வேறு குழப்பங்கள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. யாருக்கு எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது இப்போது பயிற்றுநருக்குத் தெரியும். விரலைக் காட்டி வாக்களித்தாலே போதும். ஆப் எதுவும் தேவையில்லை.

சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி வகுப்புகளில் இருந்து பரவிய இன்னொரு வழக்கம், ஆளுக்கு இரண்டு வண்ண ஒட்டுத்தாள். வேலை முடிந்தால் ஒரு நிறத்தை லேப்டாப் மூடியில் ஒட்ட வேண்டும், மாட்டிக்கொண்டால் இன்னொன்று. பயிற்றுநர் தலையை நிமிர்த்தினாலே அறையின் நிலைமை தெரிந்துவிடும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு டைப் செய்ய முடியாது. ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு முயன்றுகொண்டே இருக்கலாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை சிலருக்கு உண்டு என்பதால் நீலம், மஞ்சள் என்று தேர்ந்தெடுப்பது மேல்.

அந்தத் தாளைப் பார்த்து ஓடிப்போய் உதவ ஆள் வேண்டுமே? 60 பேரைப் பயிற்றுநர் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் உதவியாளர் என்றால்கூட ஐந்து பேர் தேவை. அவர்களுக்கு ஒரே ஒரு விதி: பங்கேற்பாளரின் கீபோர்டைத் தொடக் கூடாது. “தள்ளுங்க, நான் பண்ணித் தரேன்” என்று பத்து நொடியில் சரிசெய்து கொடுப்பது உதவி போலத் தெரியும். எரர் போய்விடும், அது எப்படிப் போனது என்பது மட்டும் உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது.

டீ இடைவேளையில் வரும் கேள்விகள்

வகுப்பில் மௌனமாக இருந்தவர்கள் இடைவேளையில் பயிற்றுநரைச் சூழ்ந்துகொள்வார்கள். சென்னை போன்ற ஊர்களில் இதற்கு மொழியும் ஒரு காரணம். பிற மாநிலத்தவரும் வருவதால் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். சந்தேகம் இருக்கும்; அதை 60 பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாக்கியமாக்கத் தயக்கம் இருக்கும். “சார், ஒரு சின்ன டவுட்” என்று தமிழில் வரும் அந்தக் கேள்வி, பெரும்பாலும் சின்னதாக இருக்காது. பாதி அறைக்கு இருந்த சந்தேகமாக இருக்கும்.

இடைவேளைக்கு எழுந்திரிப்பதற்கு முன், ஒட்டுத்தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம். இதுவரை விளங்காத ஒன்று. எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் வேண்டாம். இருபது நிமிட இடைவேளையில் 60 தாள்களைப் புரட்டிவிடலாம். திரும்பத் திரும்ப வரும் இரண்டு சந்தேகங்களோடு இரண்டாம் பாதியைத் தொடங்குகிற பயிற்றுநரை அறை வேறு மாதிரி பார்க்கும். தமிழ் தெரிந்த உதவியாளர் இருவர் இருப்பதும் இங்கே பெரிய பலம்.

ஐந்து நட்சத்திரம் வாங்கினால் போதுமா?

மாநாட்டு அமைப்பாளர்கள் கடைசியில் ஒரு படிவம் நீட்டுவார்கள்: வகுப்பு எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து வரை. பயிற்றுநர்கள் இந்த எண்ணைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட கல்லூரி மாணவர்கள், வகுப்பிலேயே பயிற்சி, விவாதம் என்று ஈடுபட்ட மாணவர்களைவிடத் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று அது காட்டியது. சரி, அப்படியென்றால் பயிற்சி நிறைந்த வகுப்பு மாணவர்களுக்குப் பிடிக்கத்தானே வேண்டும்? 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் லூயி டெலாரியே குழுவினர் சோதித்தபோது வேறு மாதிரி வந்தது. பயிற்சி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால், குறைவாகக் கற்றதாகத் தாங்களே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். எடுத்த மதிப்பெண்ணோ குறைவு.

திக்கித் திணறி ஒரு கான்ஃப்ளிக்டைத் தீர்ப்பது சுகமான அனுபவம் அல்ல என்பதே விஷயம். நல்ல பேச்சாளர் ஒருவர் அழகாகச் சொல்லக் கேட்பது சுகம். அதனால், கைவேலை அதிகமுள்ள வகுப்பு எடுப்பவர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்: “இன்னைக்குக் கொஞ்சம் தடுமாறுவீங்க. அது தப்பா போகுதுன்னு அர்த்தம் இல்ல.” அந்த இரண்டு வாக்கியங்கள், எரர் கண்டு எழுந்துபோகத் தோன்றும் சிலரையாவது இருக்கையில் வைத்திருக்கும்.

நட்சத்திரத்தைவிட நம்பகமான கணக்கு ஒன்று பயிற்றுநரிடமே இருக்கிறது. கடைசிப் பயிற்சி முடியும்போது எத்தனை லேப்டாப்பில் ‘முடிந்தது’ நிற ஒட்டுத்தாள் இருந்தது என்று உதவியாளர் ஒருவர் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். 60-க்கு 25 என்றால், எந்தப் படியில் மற்ற 35 பேர் நின்றார்கள் என்பதை அன்று மாலையே, நினைவு மங்குவதற்குள், உதவியாளர்களோடு உட்கார்ந்து பேசிவிடலாம். பெரும்பாலும் அது ஒரே இடமாக இருக்கும்: கையேட்டில் விட்டுப்போன ஒரு வரி, விண்டோஸில் மட்டும் வரும் ஓர் எரர், பத்து நிமிடம் கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் கொடுத்த ஐந்து நிமிடம். இரண்டு வாரம் கழித்து பங்கேற்பாளர்களுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பலாம்: “அன்று செய்ததை வேலையில் ஒரு முறையாவது பயன்படுத்தினீர்களா? எங்கே மாட்டினீர்கள்?” பதில் எழுதுபவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருப்பார்கள். அடுத்த வகுப்பின் முதல் பயிற்சி அந்தப் பதில்களில் இருந்துதான் கிடைக்கும்.